இழுத்து ஆடிய அங்கம்மா

அங்கம்மாவைப் பற்றி ராயபுரத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சுதான். சதுரங்கத்தில் புருஷனை ஜெயித்தாள், அதோடு அவனையும் தீர்த்துவிட்டாள் என்பார்கள். இப்படிச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் அவள் கூடையில் மீன் வாங்கித் தின்றவர்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளும் நானும் ஒரே ஸ்டோர் வீட்டில் குடியிருந்தோம். நடுவில் குழாய், இந்தப் பக்கம் எங்கள் அறை, அந்தப் பக்கம் அவள் அறை. என் பெயர் ஷரீஃபுன்னிசா. ஹார்பருக்குத் தார்ப்பாய் தைக்கிற மதார் சாகிபின் வீட்டுக்காரி. நடந்ததை நடந்தபடி சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது. ஏனென்றால் அதில் என் வீட்டுக்காரருக்கும் பங்கு உண்டு.

அங்கம்மா திருவொற்றியூர்க் குப்பத்துப் பெண். காசிமேட்டுக் கரையில் கட்டுமரங்கள் ஒதுங்குகிற நேரத்துக்கு ஏலத்தில் போய் நின்று, எடுத்த மீனைத் தலையில் சுமந்து வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் விற்றுவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடுவாள். குரல் பெரிய குரல். அவள் மெதுவாகப் பேசினால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். குழந்தை ஒன்று பிறந்து தங்கவில்லை. அதைப் பற்றி அவளும் பேசமாட்டாள், நானும் கேட்கமாட்டேன்.

அவள் புருஷன் கருணாகரனும் கடலில் பிறந்த ஆள்தான். ஆனால் ஹார்பர் வேலைக்குப் போய், கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குகிற விஞ்சு ஓட்டக் கற்றுக்கொண்டான். கை சுத்தமான வேலைக்காரன் என்று பெயர் எடுத்தவன். ஒரு நாள் சர்க்கரை மூட்டைகளைத் தூக்கிக்கொண்டிருந்தபோது கயிறு அறுந்தது. கீழே நின்றிருந்தவன் தவசிமுத்து. கருணாகரனும் அவனும் சின்ன வயதிலிருந்து தோஸ்து. மூட்டைகளை எடுத்துவிட்டுப் பார்த்தபோது அவனிடம் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. விசாரித்தவர்கள் கருணாகரன் மேல் குற்றம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சொல்லி என்ன? அவன் காதில் அது ஏறவே இல்லை. திரும்ப விஞ்சைத் தொடமாட்டேன் என்று மூட்டை தூக்குகிற கும்பலில் போய்ச் சேர்ந்துகொண்டான். சாயங்காலம் ஆனால் குடி.

அப்போது மதுவிலக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கடையை மூடிவிட்டால் குடிகாரன் திருந்திவிடுவான் என்று நினைத்த பெரிய மனிதர்கள் ஒரு தடவை எங்கள் பக்கம் வந்து பார்த்திருக்க வேண்டும். கூட்ஸ் ஷெட் வேலிக்குப் பின்னால் லோகநாதன் என்று ஒரு கடங்காரன், மரச்சாமானுக்குப் பூசுகிற வார்னிஷை எதெதிலோ கலந்து வடிகட்டி விற்றுக்கொண்டிருந்தான். நான்கு நாள் குடித்தால் ஒன்றும் ஆகாது. ஐந்தாம் நாள் சரக்கு வேறாக இருக்கும். எங்கள் சந்தில் துரை என்று ஒரு தச்சன், அதைக் குடித்துவிட்டுப் படுத்தவன், விடிந்ததும் கண் தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்தான். அதைப் பார்த்த அன்றைக்கு அங்கம்மா சமைக்கவே இல்லை. அடுத்தது தன் புருஷன்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் ஒன்று. ஹார்பர் வேலை முடிகிற நேரத்துக்கு வந்து நிற்கிற லோகநாதன், தெருமுனை விளக்கு எரிந்ததும் மறைந்துவிடுவான். அதற்கு மேல் போலீஸ் சுற்று வரும். ஆகக் கருணாகரன் வீட்டுக்கு வருவதற்கும் விளக்கு எரிவதற்கும் நடுவில் இருக்கிற அந்தச் சாயங்காலம்தான் ஆபத்து. அதைத் தாண்டிவிட்டால் அன்றைக்கு அவன் பிழைத்தான். அழுது பார்த்தாள், சண்டை போட்டாள், சட்டையை ஒளித்து வைத்தாள். சட்டை இல்லாமலே போனான்.

என் வீட்டுக்காரருக்குச் சதுரங்கப் பைத்தியம் உண்டு. இளவயதில் திருவல்லிக்கேணியில் ஓர் உஸ்தாதிடம் கற்றுக்கொண்டாராம். தார்ப்பாய்த் துண்டில் கட்டம் போட்டு வைத்திருப்பார். யாராவது மாட்டினால் போதும், எழுந்து தண்ணீர் குடிக்கக்கூட மாட்டார், அடுப்பில் பருப்பு தீய்ந்தாலும் தெரியாது. ஒரு நாள் குழாயடியில் துணி அலசிக்கொண்டே அங்கம்மா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் வந்து, பாய் எங்கள் இரண்டு பேருக்கும் இதைக் கற்றுக்கொடுப்பாரா என்று கேட்டாள். உனக்கு எதற்கடி இந்தப் பேஜாரு என்றேன்.

"எனுக்கு ஆட்டம் முக்கியம் இல்ல பாயம்மா. அவனை எந்திரிக்காம ஒக்கார வெக்கணும். அவ்ளோதான்" என்றாள். பாயிடம் காரணத்தைச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள். அதை அவள் சொல்லியிருக்கவே வேண்டாம். என் வீட்டுக்காரர் வாயில் நான் எதையும் போடுவதில்லை. ஒரு சொல் விழுந்தால் மறுநாள் தண்டையார்ப்பேட்டை வரை போய்விடும்.

கருணாகரன் முதலில் சிரித்தான். பிறகு பாய் கூப்பிடுகிறாரே என்ற மரியாதைக்கு உட்கார்ந்தான். என் வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்தது பழைய காலத்து ஆட்டம். சிப்பாய் முதல் அடியிலும் ஒரு கட்டம்தான் போகும், இரண்டு கட்டம் தாண்டாது. அதனால் ஆட்டம் மெல்லத்தான் சூடு பிடிக்கும். ராஜா, வஜீர் என்கிற மந்திரி, யானை, ஒட்டகம், குதிரை என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசாக நகரும். குதிரையைப் புரிந்துகொள்வதற்குள் இரண்டு பேரும் அடித்துக்கொண்டார்கள். இது நண்டு நடக்கிற மாதிரி கீது என்று அங்கம்மா கத்த, உனக்கு நண்டை விட்டால் வேறு தெரியாது என்று அவன் பதிலுக்குக் கத்த, ஸ்டோரே சிரித்தது. அந்த வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

கொஞ்ச நாளில் கருணாகரனுக்குப் பிடித்துப் போயிற்று. கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற வரைக்கும் அவனுக்குத் தவசிமுத்து ஞாபகம் வருவதில்லை என்று நினைக்கிறேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, பீடியைப் பற்றவைக்க மறந்து, விரலில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். அங்கம்மாவுக்கு அவனைவிட வேகமாகப் பிடிபட்டது. மீன் ஏலத்தில் பத்துப் பேர் முகத்தை ஒரே பார்வையில் பார்த்து எவன் எதுவரை ஏறுவான் என்று தெரிந்துகொள்கிறவளுக்கு இது பெரிய காரியமா? கூடையைச் சுமந்துகொண்டு நடக்கும்போதே முந்தின நாள் ஆட்டத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பாளாம். மழை பிடிப்பதற்குள் அவனைச் சீக்கிரமே மடக்க ஆரம்பித்துவிட்டாள்.

அங்கேதான் வந்தது வினை. அவள் ஜெயித்த அன்றைக்கெல்லாம் அவன் முகம் தொங்கிப்போய் எழுந்து வேலிப் பக்கம் போனான். சரி என்று வேண்டுமென்றே தோற்றுப் பார்த்தாள். ஜெயித்த குஷியில் எழுந்து அங்கேயேதான் போனான். இந்த ஆம்பிளைகளுக்குக் காரணமா கிடைக்காது? கடைசியில் அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். ஆட்டம் முடியக்கூடாது. விளக்கு எரிகிற வரைக்கும் இழுக்க வேண்டும். விளக்கு எரிந்த பிறகு அவன் ஜெயிக்க வேண்டும். ஜெயித்த ஆள் போவதற்கு இடம் இருக்காது, சாப்பிட்டுவிட்டுத் தூங்குவான், மறுநாளும் ஆட உட்காருவான்.

சொல்லுகிறபடி சுலபம் இல்லை. அவனுக்குச் சந்தேகம் வராமல், நெருக்கியும் நெருக்காமலும், சிப்பாய்களைக் குறுக்கே குறுக்கே அடைத்து வைத்து ஆடினாள். தனக்கு ஆபத்து வரும்போது தப்பித்தாள். அவனுக்கு ஆபத்து வரும்போது தானே வழிவிட்டாள். ஒரு கண் கட்டத்தில், ஒரு கண் சுவரில் ஏறுகிற வெயிலில். இதையெல்லாம் குழாயடியில் என்னிடம் சொல்லும்போது, ஜெயிக்கிறதைவிட இதுக்குத்தான் பாயம்மா தலை நோவுது என்பாள். அப்படியே மாதக்கணக்கில் ஓட்டினாள். கருணாகரன் உடம்பு தேறியது. விஞ்சு வேலைக்குத் திரும்பலாமா என்று ஒரு நாள் அவனே பேச்செடுத்தான். ஸ்டோரில் எல்லோரிடமும், என் பொண்டாட்டிக்கு நான்தான் ஆடச் சொல்லிக்கொடுத்தேன், இத்தனை மாசமாக ஒரு தடவைகூட என்னை ஜெயிக்க முடியவில்லை என்று பெருமை அடித்துக்கொள்வான்.

என் வீட்டுக்காரர் சாயங்கால நேரத்தில் வீட்டில் இருக்கிற ஆள் இல்லை. வண்ணாரப்பேட்டை டீக்கடையில் அவருக்கு ஒரு கோஷ்டி உண்டு. ஒரு நாள் ஏதோ கடையடைப்பு. திரும்பி வந்தவர், அங்கம்மாவும் கருணாகரனும் வாசலில் ஆடுவதைப் பார்த்ததும் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அவங்க ஆட்டத்தில் தலையிடாதீங்க, உள்ளே வாங்க என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். சொன்னால் கேட்கிற ஆளா? கண் முன்னால் ஒரு காய் தப்பாக நகர்ந்தால் சொல்லாமல் விடுவது பாவம் என்று அந்தத் திருவல்லிக்கேணி உஸ்தாது இவருக்கு ஓதியிருக்கிறார். மற்ற பாவமெல்லாம் இவருக்குப் பரவாயில்லை. இது மட்டும் ஆகாது.

சுவரில் பாதிக்கு மேல் வெயில் இருந்தது. அங்கம்மா வஜீரை எடுக்கப் போய், கையை இழுத்துக்கொண்டு, ஒரு சிப்பாயை நகர்த்தினாள். என் வீட்டுக்காரர் உச்சுக் கொட்டினார்.

"இன்னாம்மா இது? வஜீரை வெச்சிருந்தா அப்பவே அவன் ராஜாவுக்கு மாத்து. ஆட்டம் முடிஞ்சிருக்கும். ஏன் வுட்டே?"

பாக்கல பாய் என்றாள் அங்கம்மா. அத்தோடு விட்டிருக்கலாம். நல்ல மனுஷன் விட்டிருப்பான். இவர் அவளைப் பாராட்டுகிறாராம்.

"பாக்கலயா? உன் கை வஜீர் மேல போயி திரும்பிச்சே, நான் பாத்துகினேதானே கீறேன். வந்ததுலேந்து பாக்கறேன், நீ அவனை மடக்கறதும் வுடறதுமா ஆடிகினு கீறே. இவ்ளோ ஆட்டம் எப்பம்மா கத்துகினே?"

கருணாகரன் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நல்லது. தெரியாத ஆளைப் பார்ப்பது மாதிரி பார்த்தான். ஊரெல்லாம் சொல்லித் திரிந்த ஜெயிப்பு அத்தனையும் அவள் போட்ட பிச்சை என்றால், ஒரு ஆம்பிளை எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வான்? அவன் காய்களைக் கலைத்து, மறுபடி ஒவ்வொன்றாக அடுக்கினான்.

"நெசமா ஆடுமே. இன்னிக்கி ஒரு நாளு நெசமா ஆடு" என்றான்.

அங்கம்மா தெருமுனையைப் பார்த்தாள். விளக்கு எரிய இன்னும் நேரம் இருந்தது. என்னைப் பார்த்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்ன செய்ய முடியும்? என் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் ஏதோ உறைத்து, எனக்கு வேலை இருக்கிறது என்று எழுந்து உள்ளே வந்தார். அவரை நான் பார்த்த பார்வையில் பாய் விரித்துப் படுத்துவிட்டார்.

ஆட்டம் ஆரம்பித்தது. முதலில் அவள் மெதுவாகத்தான் ஆடினாள். வழக்கம்போல் சிப்பாய்களை அடைத்தாள். ஆனால் கருணாகரன் அன்றைக்கு ஆடின மாதிரி என்றைக்கும் ஆடியதில்லை. மானம் போனவன் ஆட்டம் அது. ஒட்டகத்தைக் கொடுத்து யானையை எடுத்தான். அவள் ராஜாவை மூலைக்குத் தள்ளினான். அங்கம்மா முன்னால் குனிந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கை தயங்கவில்லை. எடுத்தாள், வைத்தாள். அவன் குதிரை போயிற்று, யானை போயிற்று. அவன் ராஜா ஓட, இவள் விரட்ட, வெயில் சுவர் உச்சியைத் தொடுவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

கருணாகரன் தன் ராஜாவை எடுத்துக் கட்டத்துக்கு வெளியே வைத்தான். நல்லா ஆட்னே என்றான். எழுந்து ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, குழாயைத் தாண்டிப் போனான். அங்கம்மா இன்னும் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே வந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அப்புறம்தான் அவளுக்கு நினைவு வந்து, செருப்புகூடப் போடாமல் ஓடினாள். கூட்ஸ் ஷெட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற ரயில்வே கேட்டுக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது அதை மூடியிருந்தார்கள். ஹார்பருக்குப் போகிற கூட்ஸ் வண்டி. அது நகருவதும் நிற்பதுமாகக் கடந்து முடிந்தபோது தெருமுனை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வேலிப் பக்கம் ஒரு ஆளும் இல்லை.

அவன் தானாகவே நடந்து வந்தான். தள்ளாட்டம்கூட இல்லை. போட்ட சோற்றைச் சாப்பிட்டான், படுத்தான். காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். கண் மங்கலாகத் தெரிகிறது என்றவனுக்குக் கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே தெரியவில்லை. என் வீட்டுக்காரர்தான் ரிக்‌ஷா பிடித்து வந்து அவனைத் தூக்கி வைத்தார். ஆஸ்பத்திரியில் அதே சரக்கைக் குடித்த இன்னும் சிலர் வராந்தாவில் வரிசையாகக் கிடந்தார்கள். அவர்கள் பெண்சாதிகளெல்லாம் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் எங்கள் பக்கத்து ஜனம்தான்.

நானும் கூடப் போயிருந்தேன். கருணாகரன் அங்கம்மாவின் கையைத் தேடிப் பிடித்தான். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினான்.

"எப்பலேந்துமே?"

இன்னா எப்பலேந்து என்றாள் அவள்.

"வுட்டுக் குடுத்தது. எப்பலேந்து?"

அவள் முகத்தை அவனால் பார்க்க முடியாது. அதனால் அவளால் சொல்ல முடிந்தது.

"நேத்து ஒரு ஆட்டம்தான்யா. பாய் பாத்தாரே, அது மட்டும்தான். மத்ததெல்லாம் நீ ஜெயிச்சதுதான்."

அவன் தலையை ஆட்டினான். நம்பினானா, நம்ப வேண்டும் என்று நம்பினானா, எனக்குத் தெரியாது. மதியத் தொழுகைக்கு பாங்கு சொல்லுகிற நேரத்தில் அவன் போய்விட்டான்.

குப்பத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். கருணாகரனின் தாய் பச்சையம்மா, சாவு வீட்டிலேயே, பொம்பளைக்கு எதுக்குடி புருசனை ஜெயிக்கற ஆட்டம் என்று மண்ணை வாரித் தூற்றினாள். சதுரங்கம் ஆடிய விஷயம் அதற்குள் எப்படிப் பரவியது என்று கேட்காதீர்கள். பெற்றவள் வயிற்றெரிச்சல், அவளை நான் குறை சொல்லவில்லை. கூட நின்று தலையாட்டினார்களே, அவர்களைத்தான் சொல்கிறேன். ஒருத்திகூட லோகநாதன் பெயரை எடுக்கவில்லை. அவன் அடுத்த வாரமே மணலிப் பக்கம் போய் வேறு வேலிக்குப் பின்னால் நின்றான்.

என் வீட்டுக்காரர் நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. காரணம் முழுக்கத் தெரிந்த பிறகு, என்னிடம் ஏன் முன்னமே சொல்லவில்லை என்று என்மேல் பாய்ந்தார். உங்களிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி என்று நானும் விட்டுவைக்கவில்லை. அவர் தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு அழுததைப் பார்த்த பிறகு எனக்கும் திட்ட மனசு வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் பின்மதியம், என்னையும் கூட்டிக்கொண்டு அங்கம்மா வாசலுக்குப் போனார். அவள் மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். முக்காலி போட்டாள். அவர் அதில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, என் வாய்தாம்மா அவனைக் கொன்னுச்சு, அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லாம இருந்திருந்தா இன்னிக்கி உசுரோட இருந்திருப்பான் என்றார். அவள் ஏசுவாள் என்று நான் நினைத்தேன். ஏசினால் அவருக்கும் நல்லது என்றுகூட நினைத்தேன்.

அங்கம்மா மெதுவான குரலில் பேசினாள்.

"உன் வாயி இல்ல பாய். நீ சொன்னதுக்கப்பாலயும் நான் இழுத்திருக்கலாம். அவனுக்குத் தெரிஞ்சிருக்காது, அவ்ளோ ஆட்டம் அவனுக்கு வராது. வெளக்கு எரியற வரிக்கும் இழுக்கணும்னுதான் நானும் ஒக்காந்தேன். அவன் என் ராஜாவை மூலைக்குத் தள்ளுனான் பாரு, அப்பால எல்லாத்தியும் மறந்துட்டேன். வெளக்கு மறந்துச்சி, லோகநாதன் மறந்துச்சி, அவன் என் புருசன்றதே மறந்துச்சி. ஜெயிக்கணும்னு ஆசையா இருந்திச்சி பாய். கண்ணாலம் கட்டி வந்த நாள்லேந்து நான் அவ்ளோ சந்தோசமா இருந்ததே இல்ல."

சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவன் செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை.